தெரியாதுன்னு சொல்லு

போடி
12.6.2024

அன்புத் தம்பி பொன்னுராஜுக்கு,

அக்கா கிருபாவதியின் ஸ்தோத்திரம். கர்த்தருடைய தயவில் நானும் மகள் ஜெபாவும் சுகமாக இருக்கிறோம். உன்னையும் ஜெனிபரையும் பிள்ளையையும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன். திருப்பூரில் வெயில் தணிந்ததா? இங்கே சாரல் பிடித்துவிட்டது. கடையில் இருக்கிற நோட்டெல்லாம் நமுத்துப்போய்க் கிடக்கிறது.

கையில் போன் இருக்கும்போது அக்கா ஏன் கம்பெனி விலாசத்துக்குக் கடிதம் போடுகிறாள் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் ஜெபா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். பேசுவதைக் கேட்டு, பேனா வாங்க வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிக்கிறாள். நம் போதகர் பிரசங்கம் ரொம்ப நீளம் என்று போன மாதம் உன்னிடம் சொன்னேனே, ஞாயிற்றுக்கிழமை அவரிடமே சொல்லிவிட்டாள். அவளைப் பற்றிய பேச்சை அவள் காதில் விழாமல் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாசிக்கத்தான் அவளுக்கு வராது. வாட்ஸ்அப்பில் தட்ட எனக்கு வராது.

விஷயம் இதுதான். ராயப்பன்பட்டிப் பக்கம் சிஸ்டர்கள் நடத்துகிற இல்லம் ஒன்று இருக்கிறது. புத்தி வளராத பெண்பிள்ளைகளை ஆயுசு முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. கோழி வளர்க்கிறார்கள். நம் சபை இல்லைதான், ஜெபமாலை உருட்டுவார்கள். உருட்டட்டும். ஜனவரியில் ஓர் இடம் காலியாகுமாம். ஆனால் குறைபாடு எழுபத்தைந்து சதவீதம் என்று சர்டிபிகேட் இருந்தால்தான் சேர்ப்பார்கள். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்துகொண்டு பகலில் மட்டும் பயிற்சிக்குப் போனால் போதும் என்பது அவர்கள் சட்டம். ஜெபாவுக்குச் சின்ன வயதில் எடுத்த சர்டிபிகேட் செல்லாது. மறுபடி சோதித்து வாங்க வேண்டும். தேனி பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு நீ வந்தபோது, அவள் அப்பாவும் இல்லை, எனக்குப் பிறகு ஜெபா உங்கள் வீட்டில் இருக்கலாமா என்று கேட்டேன். நீ தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாய். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். கோபமில்லை. உன் வீடு உன் வீடு மட்டும் இல்லையே, ஜெனிபர் வீடும்தானே. அவள் ஜெபாவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கொஞ்ச நாளாக அசதி. கடைக்கதவைத் தூக்கிவிட்டால் உடனே உட்காரத் தோன்றுகிறது. வயசுதான், வேறென்ன. உங்கள் எல்லாரையும் கர்த்தர் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
கிருபாவதி


திருப்பூர்
27.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பொன்னுராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் உடம்பையும் ஜெபா உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஜெனிபருக்கு முதுகுவலி விட்டபாடில்லை. பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று அவசரமாக ஓடுகிறது, செக்கிங் செக்‌ஷனை விட்டு நகர முடியவில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

இல்லத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை என்றே படுகிறது. சிஸ்டர்கள் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்கள். சர்டிபிகேட் சுலபமாகக் கிடைத்துவிடும், நம் ஜெபாவைப் பார்த்தாலே தெரியாதா? ஆனால் ஏன் இத்தனை அவசரம்? கடையில் உங்களுக்குத் துணையாகத்தானே இருக்கிறாள்.

அசதிக்கு டாக்டரைப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

அன்புத் தம்பி,
பொன்னுராஜ்


போடி
21.7.2024

தம்பிக்கு,

அக்காவின் ஸ்தோத்திரம். எல்லாரும் நலமென்று நம்புகிறேன். ஜெனிபர் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல். நாங்கள் இருக்கிறோம்.

சோதனை முடிந்தது. நான் செய்த கூத்தைக் கேள்.

முந்தின நாள் சாயங்காலம் ஜெபாவுக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றினேன். ஞாயிறு பள்ளி வசனப் போட்டிக்குக் கூட்டிப்போகும்போது என்னென்ன செய்வேனோ அத்தனையும் செய்தேன். நீலச் சுடிதார், பவுடர், புதுக் கர்ச்சீப். "பேரு கேட்டா சத்தமாச் சொல்லணும். கையைப் பிசையக் கூடாது. ஊரு கேட்டா போடி, மாவட்டம் கேட்டா தேனின்னு சொல்லணும்" என்று பஸ்ஸில் போகும்போதுகூட ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். அவளுக்கு இருபத்தாறு வயது. அவளை யார் என்ன கேட்டாலும் முதல்நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நாலு பேர் முன்னால் பிள்ளை திருதிருவென்று முழிக்கக் கூடாது என்பதற்காகவே நான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன் போலிருக்கிறது.

சோதித்தவர் சின்ன வயசுக்காரர். பெயர், கிழமை, மாதம், பசுவுக்கு எத்தனை கால், பனிக்கட்டி சுடுமா குளிருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் நான் எப்போதோ சொல்லிக்கொடுத்ததுதான். மணி அடித்த மாதிரிச் சொல்கிறாள். ஒவ்வொரு பதிலுக்கும் என் தலை ஆடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா, "உங்க பிள்ளைக்கு என்னக்கா குறை, இம்புட்டு அழகாப் பதில் சொல்லுது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும், அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

ஐம்பது சதவீதம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் எதற்காகப் போனோம் என்பதே நினைவுக்கு வந்தது. "அம்மா, எனக்கு பர்ஸ்ட் பிரைஸா?" என்று கேட்டாள். ஆமாம் என்று பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தேன்.

இனி என்ன செய்வதென்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கு யோசிக்கவே அலுப்பாக இருக்கிறது.

அக்கா,
கிருபாவதி


திருப்பூர்
30.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கவலைப்படாதீர்கள். மறுபரிசோதனைக்கு மனுப் போட்டால் வேறொருவர் சோதிப்பார்கள் என்று விசாரித்தேன். இந்த முறை ஜெபாவிடம் ஒரே ஒரு பதிலைச் சொல்லிக்கொடுங்கள். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லட்டும்.

இது பாவம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது தைக்கிற பெண்களுக்கு நாங்களும்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்லணும், சிரித்துக்கொண்டே சொல்லணும் என்று. உலகத்தில் நடக்காத பொய் இல்லை. பிள்ளையின் நல்லதுக்குத்தானே.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்னுராஜ்


போடி
4.9.2024

தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? நான் சௌக்கியம் என்று எழுதினால் எழுதினதுதான். ஜெபா நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மனுக் கொடுத்துவிட்டேன். நீ சொன்ன பாடத்தையும் ஆரம்பித்தேன். தெரியாது என்று ஒருமுறை சொன்னால் ஒரு கடலைமிட்டாய். முதல் வாரம் அவளுக்குப் பிடிபடவில்லை. "உன் பேரு என்ன?" என்று கேட்பேன். "ஜெபா" என்பாள். "அப்படிச் சொல்லக் கூடாது ஆத்தா, தெரியாதுன்னு சொல்லு" என்பேன். "தெரியுமேம்மா" என்பாள். என் கோளாறு என்று நினைத்துத் திருத்துகிறாள். ஒருநாள் கோபத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். பெயர் தெரியாமல் இருந்ததற்காக அவளைச் சின்ன வயதில் அடித்திருக்கிறேன். தெரிந்திருப்பதற்காக இப்போது அடித்தேன்.

இப்போது நன்றாக வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை, அதுதான் தொல்லை. ஸ்கெட்ச் பேனா எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் சம்சாரம், "ஜெபாக்குட்டி, இந்த வாரம் வசனம் சொல்லு" என்று எப்போதும் போலக் கேட்டார்கள். அவளுக்கு உயிரான விஷயம் அது. "தெரியாது" என்று கணீரென்று சொல்லிவிட்டு, மிட்டாய்க்காக என்னிடம் கையை நீட்டினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

எத்தனை பிள்ளைகளுக்கு அம்மாமார் தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் ஒருத்திதான் இப்படி.

அக்டோபர் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். வேறொன்றும் விசேஷமில்லை.

கிருபாவதி


திருப்பூர்
17.9.2024

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை.

திங்கள்கிழமை மத்தியானம் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். ஜெபா எடுத்தாள். "அம்மா எங்கன?" என்று கேட்டேன். "குளிக்காக" என்றாள். எப்படி இருக்காக என்று பேச்சுக்குக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டாக்டர் சொன்னாக, கிருபாவதியம்மா, மார்ல இருக்கிறது நல்ல கட்டி இல்ல, இன்னும் தள்ளிப் போட்டீகன்னா கஷ்டம், உடனே மதுரைக்குப் போங்கன்னு. அம்மா சொன்னாக, பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டு வாரேன் டாக்டர்னு." அதே குரலில், "மாமா, சாப்டீகளா?" என்றாள்.

நான் சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஈஸ்டர் அன்று தண்ணீர் குடிக்கப் போனவன் நான். அவசரம் ஏன் என்று எழுதிக் கேட்டவனும் நான். இந்த ஞாயிறு கிளம்பி வரட்டுமா? உடனே பதில் போடுங்கள்.

பொன்னுராஜ்


போடி
23.9.2024

தம்பிக்கு,

வர வேண்டாம். வந்தால் நீ அழுவாய், நான் உன்னைத் தேற்ற வேண்டும். அதற்குத் தெம்பு இல்லை.

ஜெபா சொன்னது சரிதான். டாக்டர் அறையில் அவளையும் உட்கார வைத்தது என் தப்பு. வேறெங்கே விட்டுவிட்டுப் போவேன்? அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மதுரையில் போய்ப் படுத்தால் எத்தனை நாளோ. அத்தனை நாள் அவளை யார் வைத்துக்கொள்வது? இடம் கிடைக்கட்டும், போகிறேன். ஜெனிபரிடம் சொல்லாதே. நோயைக் காட்டிப் பிள்ளையை அவள் தலையில் கட்டினேன் என்று இருக்க வேண்டாம்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


போடி
29.10.2024

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேலையாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். எல்லாரும் சுகமாக இருங்கள்.

நேற்று தேனிக்குப் போய்வந்தோம். இந்த முறை சோதித்தது யுவராணி என்று ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் களைத்திருந்தார்கள். பெயர் கேட்டார்கள், தெரியாது. கிழமை கேட்டார்கள், தெரியாது. விரலைக் காட்டினார்கள், பேனாவைக் காட்டினார்கள், எல்லாம் தெரியாது. கடைசிக் கேள்வி முடிந்ததும் ஜெபா என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "எல்லாத்துக்கும் கரெக்டாச் சொல்லிட்டேன்லம்மா?" என்றாள்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை, போன தடவைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். "போன தடவை தெரியும்னு சொல்லிக் குடுத்தீக. இந்தத் தடவை தெரியாதுன்னு சொல்லிக் குடுத்தீக. பிள்ளை ரெண்டையும் ஒழுங்காத்தான் படிச்சிருக்கு. நீங்க கொஞ்சம் அங்கன திரும்பி உக்காருங்கக்கா, நான் அவகிட்டப் பேசிக்கிறேன்" என்றார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"கடையில அம்மா இல்ல. யாரோ ஒருத்தர் வந்து, அம்மா உன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாகன்னு சொல்றாரு. போவியா?"

"போவேன்."

"யாரு என்னன்னு கேக்க மாட்டியா?"

"அம்மா சொன்னாகள்ல."

"சரி. வீட்டுல நீ மட்டும் இருக்க. அடுப்புல பால் பொங்குது. என்ன செய்வ?"

"அம்மா இறக்குவாக."

"அம்மா வெளிய போயிருக்காக."

"வருவாக."

"வரலைன்னா?"

"வருவாக."

"பொழுது இருட்டிப்போச்சு. அப்பவும் அம்மா வரலை. அப்ப என்ன செய்வ ஜெபா?"

ஜெபா சிரித்தாள் தம்பி. இதுகூடத் தெரியவில்லையா இந்த அம்மாவுக்கு என்கிற மாதிரிச் சிரித்தாள். "அம்மா வருவாக" என்றாள்.

யுவராணியம்மா எழுபத்தைந்து என்று எழுதி முத்திரை போட்டார்கள். நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. பொய் எதுவும் தேவைப்படவில்லை. புத்தி என்றால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்று நினைத்து இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தேன். கேள்வி கேட்க யாருமே இல்லாதபோது என்ன செய்வாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் எந்தக் காரியத்தையும் யோசிக்க வேண்டிய அவசியமே வராமல் நானே குறுக்கே போய் நின்றிருக்கிறேன். பால் பொங்கினால் நான், மழை வந்தால் நான், வாசலில் யார் வந்தாலும் நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கட்டி இருக்கிற பக்கம். வலித்தது, எழுப்பவில்லை.

கிருபாவதி


திருப்பூர்
12.11.2024

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

ஜெனிபர் எழுதுகிறேன். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நலம் விசாரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் நலம் எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் நேற்றுப் படிக்கக் கொடுத்தார். சொல்லக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்ததால் ஒன்றரை மாதமாக உங்களுக்கும் எழுதாமல் என்னிடமும் சொல்லாமல் பேய் பிடித்தவர் மாதிரி இருந்தார்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான் மதினி. பெயர் கார்த்திக்ராஜ். ஜெபா மாதிரிதான். எங்கள் அம்மா போனபோது நான் ஒன்பதாவது படித்தேன். அதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி நனைத்தால் துணி மாற்றுவது எல்லாம் நான்தான். நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவனைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்று பெரியவர்களுக்குப் பயம். கல்யாணத்துக்கு அப்புறம் இவரிடம் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன், இவரும் காப்பாற்றினார்.

நான் கிளம்பின அன்றைக்கு அவன் அழக் கூடாது என்று எங்கள் பெரியப்பா அவனிடம், "அக்கா சாயங்காலம் வந்துருவா" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ரோட்டில் போய் நின்றிருக்கிறான். இழுத்து வந்தாலும் மறுபடி போவானாம். மழையில் நின்று காய்ச்சல் வந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். எனக்கு அடக்கத்துக்கு அப்புறம்தான் எல்லாம் சொன்னார்கள்.

ஜெபா என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வது உண்மை. அவளைப் பிடிக்காமல் இல்லை. இன்னொரு தடவை என்னால் முடியாது மதினி. எனக்கு அலுத்துவிட்டது. இதை உங்கள் தம்பி சொல்ல மாட்டார், அதனால் நானே சொல்கிறேன். அவளை இங்கே வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

ஆனால் ஒன்று சொல்வேன். ஜனவரி வரைக்கும் நீங்கள் காத்திருப்பது சரியில்லை. சிஸ்டர்களிடம் உங்கள் உடம்பைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கள், முன்னாலேயே எடுத்துக்கொள்வார்கள். அவளை விட்டு வரும்போது எப்போது வருவீர்கள் என்று பொய்யாக எதையும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும். மருந்தை விடாமல் சாப்பிடுங்கள்.

ஜெனிபர்


போடி
8.12.2024

அன்புத் தம்பிக்கும் ஜெனிபருக்கும்,

ஸ்தோத்திரம். ஜெனிபர், உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உன்னைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ மாட்டேன் என்று எழுதினது எனக்கு ஆறுதலாக இருந்தது. பார்க்கலாம், ஜெபிக்கலாம் என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

நீ சொன்னபடியே சிஸ்டர்களிடம் உள்ளதைச் சொன்னேன். ஒரு கட்டிலை நெருக்கிப் போட்டு வியாழக்கிழமையே ஜெபாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள் என்று பயந்துகொண்டே போனேன். அவள் கோழிகளைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "அம்மா, போயிட்டு வாங்க" என்று அவளே எனக்கு விடை கொடுத்தாள். கூட இருக்கிற பிள்ளைகள் சிலபேர் அழுகிறார்கள், இவள் அழவில்லையே என்று ஒரு சிஸ்டர் மெச்சினார்கள். அவள் ஏன் அழ வேண்டும்? அம்மா வருவாக என்று இருக்கிறாள்.

நாளை மதுரையில் சேர்கிறேன். சபையிலிருந்து கஸ்தூரியம்மாள் அக்கா துணைக்கு வருகிறார்கள். ஆபரேஷன், அப்புறம் ஊசி. எத்தனை மாதம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பி, இல்லத்தில் இரண்டாம் சனிக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். வருகிற பதினாலாம் தேதி எனக்குப் பதில் நீ போய்வா. உன் முதுகுக்குப் பின்னால் அவள் என்னைத் தேடுவாள். என்ன ஆனாலும், அம்மா பின்னால் வருகிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்மாவுக்கு வைத்தியம் நடக்கிறது, இன்றைக்கு வரமாட்டாள் என்று சொல். இதை நீ செய்தால் போதும். வேறு எதையும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும்.

அக்கா,
கிருபாவதி


திருப்பூர்
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கஸ்தூரியம்மாள் அக்கா சொன்னார்கள். தையல் பிரித்தார்களா? வலி எப்படி இருக்கிறது? சனிக்கிழமை போனில் ஜெபா நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

ஜெனிபரும் கூட வந்தாள். "நான் உள்ள வரமாட்டேன், ஆட்டோவுலேயே இருக்கேன்" என்று சொல்லித்தான் வந்தாள். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு வைத்தியம் நடக்குது, இன்னைக்கு வரமாட்டாக, மாமா வந்திருக்கேன்.

ஜெபா ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். என்னைத் தாண்டிப் பார்த்தாள். "அம்மா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் படித்ததெல்லாம் போய்விட்டது அக்கா. "அடுத்த பஸ்ல வாராக ஆத்தா" என்று சொல்லிவிட்டேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு மணி அடித்தது, வரவில்லை. சிஸ்டர்கள் கூப்பிட்டார்கள், வரவில்லை. நான் போய், "உள்ள போவம் ஜெபா" என்று கெஞ்சினேன். "அம்மா அடுத்த பஸ்ல வருவாகன்னு மாமா சொன்னாக" என்று என்னிடமே சொன்னாள். வேறு யாரோ ஒரு மாமா சொன்ன மாதிரி. ரோட்டில் பஸ் ஒவ்வொன்றாகப் போகிறது. நான் வேலைக்கு ஆகாதவன் மாதிரி மரத்தடியில் நின்றேன்.

அப்போதுதான் ஜெனிபர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஜெபா கையைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஜெபா, இங்கன பாரு. மாமா தப்பாச் சொல்லிட்டாக. அம்மா அடுத்த பஸ்ல வரமாட்டாக."

"வருவாக."

"இன்னைக்கு வரமாட்டாக. நாளைக்கும் வரமாட்டாக. உடம்பு சரியில்லை, மதுரையில படுத்திருக்காக. எப்ப வருவாகன்னு எனக்கும் தெரியலை."

ஜெபா அழுதாள் அக்கா. மண்ணில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, பிறந்த பிள்ளை மாதிரி அழுதாள். ஜெனிபர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பட்டுச்சேலையோடு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அழாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. சிஸ்டர் ஒருவர் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ரொம்ப நேரம் கழித்து ஜெபா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அத்தை வருவாகளா?" என்று கேட்டாள்.

ஜெனிபர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானாக இருந்தால் அதற்குள் பத்துப் பதில் சொல்லியிருப்பேன்.

"வருவேன்" என்றாள். "மாசாமாசம், ரெண்டாம் சனிக்கிழமை வருவேன்."

இந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னால் அது என்ன ஆகும் என்று நம் எல்லாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். தெரிந்துதான் சொன்னாள் அக்கா.

ஜெபா ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். நீங்களும் கஞ்சியாவது குடியுங்கள்.

உங்கள் தம்பி,
பொன்னுராஜ்